மெக்கானிக்: நான்தான்!

பள்ளி விடுமுறை விட்டால் பல வீடுகளில் டி.வி.யில் திரும்பத் திரும்ப ஓடும் படங்களில் ‘கார்ஸ்’ வரிசையும் ஒன்று. பேசும் கார்கள், கண்ணை உருட்டும் முன்கண்ணாடிகள்... குழந்தைகளோடு உட்கார்ந்து நாமும் பார்த்திருப்போம். 2017-ல் வந்த மூன்றாம் பாகத்தில், பழைய தலைமுறைப் பந்தய வீரர்களைத் தேடிக்கொண்டு ஹீரோ மெக்வீன் போகிற காட்சி வரும். அங்கே இருக்கும் வயதான கார்களில் ஒன்றின் பெயர் ரிவர் ஸ்காட். கொஞ்ச நேரம்தான் வரும். குழந்தைகள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நாமும்தான்.

அந்தக் கார் ஒரு நிஜ மனிதரை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது. அவர் பெயர் வெண்டெல் ஸ்காட். அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயங்களின் உச்சப் பிரிவில் 495 முறை ஓட்டியவர். அத்தனையிலும் முதலிடம் வந்தது ஒரே ஒரு முறை. அது 1963-ம் ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி. அந்த வெற்றிக்கான கோப்பையைப் பந்தய அமைப்பு அவர் குடும்பத்திடம் கொடுத்த நாள், 2021-ம் ஆண்டு ஆகஸ்ட் 28.

இடையில் 57 வருடம், 9 மாதம். கோப்பை வந்தபோது ஸ்காட் இறந்து 30 வருடம் ஆகியிருந்தது.

ஒரு கோப்பை வந்துசேர ஏன் இவ்வளவு காலம்? அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

ஷோரூம் காரில் ஒரு பந்தயம்

கார் பந்தயம் என்றாலே நம் கண்ணில் நிற்பது ஃபார்முலா ஒன். தரையோடு தரையாக, விமானத்தின் மூக்கு மாதிரி இருக்கும் கார்கள். ஸ்டாக் கார் பந்தயம் அப்படியில்லை. ‘ஸ்டாக்’ என்றால் ஷோரூமில் ஸ்டாக் இருக்கிற கார். ஃபோர்டு, செவர்லே, பிளைமௌத் என்று ஊரில் எல்லோரும் வாங்கி ஓட்டுகிற காரையே எடுத்து, எஞ்சினை முறுக்கேற்றி, உள்ளே இரும்புக் குழாய்களால் கூண்டு கட்டி, முட்டை வடிவப் பாதையில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட்டுவார்கள். இப்போது பந்தயத்துக்கென்றே தனியாகக் கார் செய்கிறார்கள். ஆனால், தொடங்கியது இப்படித்தான்.

இந்தப் பந்தயங்களை நடத்தும் பெரிய அமைப்பு நாஸ்கார். பில் ஃபிரான்ஸ் என்பவர் தலைமையில் 1948-ல், ஃபுளோரிடாவின் டெய்டோனா பீச்சில் உருவானது. இந்த விளையாட்டுக்கு ஒரு சுவாரஸ்யமான பூர்வ கதை உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கள்ளச்சாராயம் கடத்தியவர்களுக்கு, போலீஸ் ஜீப்பைவிட வேகமாக ஓடும் கார் தேவைப்பட்டது. வெளியே பார்த்தால் சாதாரணக் கார். உள்ளே பலமான எஞ்சின். சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமலிருக்கக் கெட்டியான ஸ்பிரிங். ராத்திரியில் மலைப்பாதையில் சரக்கோடு பறந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மண் மைதானங்களில் ‘உன் கார் பெரிசா, என் கார் பெரிசா’ என்று மோதிப் பார்த்தார்கள். அந்தப் பழக்கத்தின் சாயல் நாஸ்காரில் நிறையவே உண்டு.

வெண்டெல் ஸ்காட்டும் அந்த வழியில் வந்தவர்தான். ஆனால், அவர் கறுப்பினத்தவர். தென் மாநிலங்களில் அந்தக் காலத்தில் அது ஒன்று போதும், எல்லாக் கதவுகளும் சாத்திக்கொள்ள.

போலீஸ் சிபாரிசு செய்த ஓட்டுநர்

1921-ம் ஆண்டு ஆகஸ்ட் 29-ம் தேதி, வர்ஜீனியா மாநிலத்தின் டேன்வில் ஊரில் பிறந்தார் ஸ்காட். பஞ்சாலையும் புகையிலையும்தான் ஊருக்குச் சோறு போட்டன. அப்பா வசதியான வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குக் கார் ஓட்டியவர், மெக்கானிக் வேலையும் தெரிந்தவர். அப்பாவைப் பார்த்துப் பார்த்துத்தான் பையனுக்கு எஞ்சின் மேல் ஆசை வந்தது.

ஆலை வேலைக்குப் போய் இன்னொருவர் அதட்டலுக்குக் கட்டுப்பட்டு நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. டாக்ஸி ஓட்டினார். 1943-ல் மேரி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போனார். அந்த ராணுவத்திலும் கறுப்பு வீரர்களுக்குத் தனிப் படைப்பிரிவுதான். திரும்பி வந்து ஊரில் ஒரு கார் பட்டறை போட்டார். குடும்பம் பெருகியது, ஏழு பிள்ளைகள். பட்டறை வருமானம் போதவில்லை. ராத்திரியில் கள்ளச்சாராயம் கடத்தினார். துரத்திய போலீஸ் பெரும்பாலும் தோற்றது. ஒரே ஒரு முறை பிடிபட்டார். சிறைக்கு அனுப்பாமல், கண்காணிப்பில் வைத்தார்கள்.

1952-ல் டேன்வில் மைதானத்தில் பந்தயம் நடத்தியவர்களுக்குக் கூட்டம் குறைந்தது. ஒரு கறுப்பின ஓட்டுநரை இறக்கிவிட்டால் வேடிக்கை பார்க்கவாவது ஜனம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். ‘இந்த ஊரில் வேகமாகக் கார் ஓட்டும் கறுப்பர் யார்?’ என்று போலீஸிடமே போய்க் கேட்டார்கள். போலீஸுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. ‘எங்களால் பிடிக்க முடியாத ஆள் ஒருவர் இருக்கிறார்’ என்று ஸ்காட்டைக் கைகாட்டினார்கள்!

அந்த மே மாதம், ஒரு காலத்தில் சாராயம் கடத்தப் பயன்படுத்திய தன் பழைய காரையே எடுத்துவந்து ஓட்டினார் ஸ்காட். அப்போது அவருக்கு வயது 30. சிலர் கேலி செய்து கூச்சலிட்டார்கள். பாதியில் கார் மக்கர் செய்து நின்றது. ஆனால், வீடு திரும்பும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இனி இதுதான் வேலை.

காரைச் சரிசெய்து, அடுத்த நாளே பக்கத்து மாநிலமான நார்த் கரோலினாவில் நாஸ்கார் நடத்திய பந்தயத்துக்குப் போனார். கறுப்பினத்தவர் ஓட்டக் கூடாது என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில நாள் கழித்து இன்னொரு மைதானம். அங்கேயும் அதே பதில். அவரைச் சேர்த்துக்கொண்ட சின்னச் சின்னப் பந்தயங்களில் ஓட்டிக்கொண்டே இருந்தார். இரண்டே வாரத்தில் முதல் வெற்றி வந்தது.

பிறகு ரிச்மண்ட் நகரில் ஒரு மைதானத்துக்குப் போய், அங்கிருந்த நாஸ்கார் அதிகாரியிடம் நேரடியாக லைசென்ஸ் கேட்டார். ‘உன்னை இடிப்பார்கள், தள்ளுவார்கள். தாங்குவாயா?’ என்ற மாதிரி அந்த அதிகாரி கேட்க, ‘தாங்குவேன்’ என்றார் ஸ்காட். லைசென்ஸ் கிடைத்தது. அந்த அதிகாரி அன்று மேலிடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

கொஞ்ச நாளிலேயே இன்னொரு சோதனை. ஒரு மைதானத்தில் பந்தயம் ரத்தானபோது, வந்துபோன பெட்ரோல் செலவுக்கென்று எல்லா ஓட்டுநர்களுக்கும் பணம் கொடுத்தார்கள். ஸ்காட்டுக்கு மட்டும் இல்லை. அவர் விடவில்லை. அடுத்த முறை பில் ஃபிரான்ஸைப் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னார். ஃபிரான்ஸ் தன் பாக்கெட்டிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து, ‘இனி உங்களை மற்ற உறுப்பினர்களைப் போலவே நடத்துவோம்’ என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை ஞாபகத்தில் வையுங்கள்.

அப்பா ஓட்ட, பிள்ளைகள் டயர் மாற்ற...

1959-ல் வர்ஜீனியா மாநில அளவில் தன் பிரிவில் சாம்பியன் ஆனார் ஸ்காட். 1961-ல் நாஸ்காரின் உச்சப் பிரிவான ‘கிராண்ட் நேஷனல்’ பந்தயங்களுக்கு வந்தார். வயது 39. பலர் ஹெல்மெட்டைக் கழற்றி வைக்க யோசிக்கும் வயதில்தான் இவர் பெரிய மைதானத்துக்குள் காலெடுத்து வைத்தார்.

உச்சப் பிரிவு என்றால் பணம் தண்ணீராகச் செலவாகும். பெரிய அணிகளுக்குக் கார் கம்பெனிகளின் உதவி இருந்தது. புது எஞ்சின், புது டயர், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் வந்து இறங்கும். ஸ்காட்டுக்கு எந்தக் கம்பெனியும் கை கொடுக்கவில்லை. மற்றவர்கள் ஓட்டிக் கழித்த கார்களை வாங்கினார். மற்ற அணிகள் கழற்றிப் போட்ட டயர்களில் ஓடக்கூடியது எதுவென்று பொறுக்கி மாட்டினார்.

பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற, பெட்ரோல் போட ஒவ்வொரு அணிக்கும் ஆட்கள் நிற்பார்கள். ஸ்காட்டின் ஆட்கள் அவருடைய மகன்கள், வெண்டெல் ஜூனியரும் ஃபிராங்கும்தான். சின்ன வயதிலேயே ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள். பட்டறையில் பழுது பார்ப்பது, காரை இழுத்துக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் போவது, பந்தயம் முடிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்புவது எல்லாமே குடும்பத்தோடுதான். கறுப்பினத்தவருக்கு ரூம் தராத, சாப்பாடு போடாத ஓட்டல்கள் வழியெங்கும் இருந்த காலம் அது. உதவி செய்த வெள்ளைக்கார ஓட்டுநர்களும் உண்டு. உதிரி பாகம் கொடுத்தவர்களும் உண்டு, வேண்டுமென்றே காரை இடித்துத் தள்ளியவர்களும் உண்டு. இடித்தவனைத் திருப்பி அடித்தால் மறுநாள் லைசென்ஸ் இருக்காது என்பது ஸ்காட்டுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

பந்தயக் கார்களில் மெக்கானிக்கின் பெயரை எழுதும் வழக்கம் உண்டு. பெரிய அணிகளின் கார்களில் பேர்போன மெக்கானிக்குகளின் பெயர் இருக்கும். ஸ்காட்டின் 34-ம் எண் காரில் அவர் எழுதிவைத்தது: ‘மெக்கானிக்: நான்’.

படித்தால் சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஜாக்சன்வில்: கொடி விழாத வெற்றி

1963-ம் ஆண்டு அமெரிக்கா கொதித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் ஸ்காட்டின் சொந்த ஊரான டேன்வில்லில், சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விரட்டியது. ஆகஸ்டில் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்கின் புகழ்பெற்ற பேரணி. செப்டம்பரில் பர்மிங்காம் நகரில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். நவம்பர் 22-ல் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு ஒன்பதே நாள் கழித்துத்தான் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் அந்தப் பந்தயம்.

அரை மைல் நீளமுள்ள மண் பாதை. 200 சுற்று, மொத்தம் 100 மைல். ஸ்காட்டுக்கு வயது 42. அவர் ஓட்டியது சக ஓட்டுநர் நெட் ஜாரெட்டிடமிருந்து வாங்கிய பழைய செவர்லே. 22 கார்களில் 15-வதாகப் புறப்பட்டார். மண் பாதை குண்டும் குழியுமாக ஆக, ஒவ்வொரு காராகப் பழுதாகி ஒதுங்கியது. காருக்கு வலிக்காமல் ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும் மிச்சமிருந்தார்கள். சொந்தக் கையால் முடுக்கிய கார் அல்லவா... எந்தக் குழியை விட்டு விலக வேண்டும், எந்த நட்டு எவ்வளவு தாங்கும் என்பது ஸ்காட்டுக்கு அத்துப்படி.

இன்னும் சுமார் 25 சுற்று இருக்கும்போது, முன்னால் போய்க்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியின் காரில் கோளாறு. பெட்டி பின்னாளில் 200 வெற்றிகளோடு ‘கிங்’ என்று பட்டம் பெற்றவர். அவரைத் தாண்டினார் ஸ்காட். அதற்குப் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை.

200 சுற்று முடிந்தது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அசையவில்லை. ஸ்காட் ஓட்டிக்கொண்டே இருந்தார். 201-வது சுற்று. 202-வது சுற்று. அப்போதும் அவருக்குக் கொடி இல்லை. பின்னால் வந்த பக் பேக்கருக்குக் கொடி அசைந்தது. பேக்கர்தான் வெற்றி பெற்றவர் என்று அறிவித்தார்கள். கோப்பை, கைதட்டல், போட்டோ எல்லாம் அவருக்கே.

ஸ்காட் மறுத்துப் பேசினார். கணக்கைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். மணிக்கணக்கில் பார்த்தார்கள். கூட்டமெல்லாம் கலைந்து, மைதானம் காலியான பிறகு முடிவு சொன்னார்கள். ஆமாம், சுற்றை எண்ணியதில் தவறு நடந்துவிட்டது. ஸ்காட்தான் முதலிடம். அதுவும் இரண்டு சுற்று வித்தியாசத்தில்.

முதல் பரிசுப் பணம் கிடைத்தது. கோப்பை? அது பேக்கரோடு போய்விட்டது. சில வாரம் கழித்து வேறொரு மைதானத்தில் ஸ்காட் கையில் ஒரு மலிவான மரக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

தவறு வேறு, தாமதம் வேறு

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இல்லை. ஒவ்வொரு காரின் சுற்றையும் ஆட்கள் உட்கார்ந்து பேப்பரில் குறிப்பார்கள். புழுதி பறக்கும் மைதானத்தில் தவறு நடப்பது சகஜம்.

1959-ல் முதல் ‘டெய்டோனா 500’ பந்தயத்திலேயே இப்படி ஒரு குழப்பம் வந்தது. முதலில் ஜானி பூசாம்ப் ஜெயித்ததாகச் சொன்னார்கள். அப்புறம் போட்டோக்களையும் செய்திப் படச் சுருளையும் போட்டுப் பார்த்து, லீ பெட்டிதான் முதலிடம் என்று மாற்றி அறிவித்தார்கள். லீ பெட்டி, ரிச்சர்ட் பெட்டியின் அப்பா. தவறைத் திருத்த அன்று ஆனது மூன்று நாள். திருத்தியதை ஊரறியச் சொன்னார்கள். லீ பெட்டி முதல் டெய்டோனா சாம்பியனாக அன்றைக்கே கொண்டாடப்பட்டார்.

ஆக, தவறு யாருக்கும் நடக்கும். தவறு தெரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஒருவருக்கு மூன்று நாள். இன்னொருவருக்குக் கிட்டத்தட்ட 58 வருடம்.

அன்று நடந்தது வெறும் எண்ணிக்கைத் தவறு என்பதை ஸ்காட் கடைசிவரை நம்பவில்லை. அந்தக் காலத்தில் ஜெயித்தவருக்குக் கோப்பை கொடுக்க ஓர் அழகுராணி வருவாள், கன்னத்தில் முத்தம் கொடுப்பாள். ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்கள் பார்க்க, ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒரு கறுப்பருக்கு முத்தம் கொடுப்பதை அந்த ஊரில் யாரும் தாங்கியிருக்க மாட்டார்கள். அதனால்தான் கூட்டம் கலையும்வரை காத்திருந்தார்கள் என்பது அவர் சொன்ன காரணம். எண்ணியவர்களின் மனதில் என்ன இருந்தது என்பதை இனி யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால், மறுநாளே பேக்கரிடமிருந்து கோப்பையை வாங்கி ஸ்காட்டிடம் கொடுத்திருக்கலாம். அடுத்த பந்தயத்தில் மைக்கைப் பிடித்து, ‘போன முறை ஜெயித்தவர் இவர்தான்’ என்று சொல்லியிருக்கலாம். பில் ஃபிரான்ஸ் கொடுத்த வாக்கு அதற்குத்தானே?

வெற்றிப் பட்டியலில் பெயர் ஏறியது. மேடை மட்டும் கிடைக்கவில்லை. பணம் தந்துவிட்டோம், அப்புறம் என்ன என்று கேட்கலாம். வேலைக்குப் போகிற எவருக்கும் இதன் பதில் தெரியும். சம்பளம் வேறு, நாலு பேர் முன்னால் ‘இதைச் செய்தது இவர்’ என்று சொல்வது வேறு. ஸ்பான்சர்கள் பட்டியலைப் பார்த்து வருவதில்லை, போட்டோவைப் பார்த்துத்தான் வருவார்கள். அன்று அந்த ஒரு போட்டோ எடுக்கப்பட்டிருந்தால், அடுத்த பத்து வருடம் அவர் பழைய டயரைப் பொறுக்கியிருக்க வேண்டியிருந்திருக்காதோ என்னவோ.

கடைசி கார்

அந்த அவமானத்தோடு பலர் ஒதுங்கியிருப்பார்கள். ஸ்காட் அதற்குப் பிறகும் பத்து வருடம் ஓட்டினார். 1966-ல் வருடாந்திரப் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம். 1966 முதல் 1969 வரை நான்கு வருடமும் முதல் பத்துக்குள். மொத்தம் 495 பந்தயங்களில் 147 முறை முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். கம்பெனி உதவியோடு வந்த அணிகளுக்கு எதிராக, சொந்தப் பட்டறையில் தட்டிச் செய்த காரோடு வந்த ஒருவரின் கணக்கு இது. அந்த ஒரு வெற்றியைவிட இந்த 147-தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு வெற்றி அதிர்ஷ்டத்தில் வரலாம். 147 வராது.

1973-ல் கடன் வாங்கி ஒரு நல்ல மெர்குரி கார் வாங்கினார். இத்தனை வருடத்தில் அவர் கைக்கு வந்தவற்றில் தேறக்கூடிய கார் அது. அந்த மே மாதம் அலபாமா மாநிலத்தின் டல்லடேகா மைதானத்தில் பந்தயம் தொடங்கிய சில சுற்றுகளிலேயே முன்னால் போன ஒரு காரின் எஞ்சின் வெடித்தது. 20-க்கும் மேற்பட்ட கார்கள் ஒன்றோடொன்று மோதின. ஸ்காட்டின் விலா எலும்புகள், இடுப்பெலும்பு, முழங்கால்கள் எல்லாம் முறிந்தன. கார் நொறுங்கிப்போனது. கடன் மட்டும் அப்படியே நின்றது.

அதே வருடம் அக்டோபரில் கடைசியாக ஒரு பந்தயம் ஓட்டினார். 12-ம் இடம். வயது 52. அதோடு டேன்வில் பட்டறைக்குத் திரும்பினார். ஊர்க்காரர்களின் கார்களைப் பழுது பார்த்தார். 1977-ல் அவர் வாழ்க்கையை வைத்து ‘கிரீஸ்ட் லைட்னிங்’ என்ற படம் வந்தது. ரிச்சர்ட் பிரையர் அவராக நடித்தார். 1990-ம் ஆண்டு டிசம்பர் 23-ம் தேதி, புற்றுநோயால் இறந்தார் ஸ்காட். வயது 69.

இறந்த பிறகு வந்தவை

அதற்குப் பிறகு மரியாதைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் வாழ்ந்த தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2010-ல் ஜாக்சன்வில்லின் பந்தய ஆர்வலர்கள் ஒரு கோப்பையைச் செய்து குடும்பத்திடம் கொடுத்தார்கள். 2015-ல் நாஸ்காரின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. அந்தப் பெருமை பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். கடைசியில் 2021 ஆகஸ்டில், டெய்டோனா மைதானத்தில் அவர் குடும்பத்தை அழைத்து, ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையைக் கொடுத்தது நாஸ்கார். உயிரோடு இருந்திருந்தால், அதற்கு மறுநாள் அவருக்கு 100 வயது.

அந்தக் கோப்பையைச் சும்மா வந்து கொடுத்துவிடவில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பாவுக்கு டயர் மாற்றிய கைகள், அப்பா போன பிறகும் வேலையை நிறுத்தவில்லை.

இனி ஒரு சின்ன ஆச்சரியம். கோப்பை கொடுத்து 37-வது நாள், 2021 அக்டோபர் 4-ல், பப்பா வாலஸ் என்ற இளைஞர் நாஸ்காரின் உச்சப் பிரிவில் ஜெயித்தார். ஸ்காட்டுக்குப் பிறகு அந்தப் பிரிவில் ஜெயித்த முதல் கறுப்பினத்தவர். எந்த மைதானம் தெரியுமா? ஸ்காட்டின் எலும்புகளை முறித்துப்போட்ட அதே டல்லடேகா. வாலஸ் 2014-லேயே, நாஸ்காரின் பிக்-அப் ட்ரக் பந்தயத்தில் ஸ்காட்டின் நினைவாக 34-ம் எண்ணைத் தன் வண்டியில் எழுதிக்கொண்டு ஓட்டி ஜெயித்தவர்.

அந்த ட்ரக் பந்தயம் நடந்தது வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் மைதானத்தில். அந்த மைதானத்தோடு நமக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2010 மார்ச்சில் தன் முதல் நாஸ்கார் ட்ரக் பந்தயத்தை ஓட்டியது அங்கேதான். 13-வதாக வந்தார். அந்த வருடம் ட்ரக் பிரிவில் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. மார்ட்டின்ஸ்வில்லிலிருந்து டேன்வில் காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். வேறு நிறம், வேறு தேசம் என்று வந்த ஒருவருக்கு அங்கே ரசிகர்கள் ஓட்டுப் போட்டார்கள் என்றால், அதே வட்டாரத்தில் 58 வருடத்துக்கு முன்னால் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர், மறுபடி மறுபடி அதே வாசலுக்கு வந்து நின்றதற்கும் அதில் பங்கு இருக்கிறது.

சீக்கிரம் சொல்லிவிடுங்கள்

தாமதமாக வந்தாலும் கோப்பை வந்துவிட்டதே என்று சந்தோஷப்படலாம். பிள்ளைகளுக்கு அது ஆறுதல். இனி வரும் ஓட்டுநர்களுக்கு அது ஒரு தைரியம். ஆனால், அதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்க வேண்டியவர் இல்லை. எத்தனை பெரிய கோப்பையைக் கொடுத்தாலும், ஜாக்சன்வில்லில் அந்த ராத்திரி காலி மைதானத்தில் நின்ற 42 வயது மனிதருக்கு அது போய்ச் சேராது.

நம் வீட்டில், வேலை செய்யும் இடத்தில், தெருவில் இப்படிப்பட்ட கணக்குகள் எத்தனை பாக்கி நிற்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டையே தன் தலையில் தாங்கிய அக்கா. யாரோ ஒருவர் பாராட்டு வாங்கிய வேலையை உண்மையில் செய்து முடித்த ஜூனியர். நாம் தப்பாகப் பழி சொல்லி, தப்பு என்று தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் விட்ட ஒருவர். ‘அவர்களுக்கே தெரியும்’ என்று நாம் விட்டுவிடுகிறோம். ஸ்காட்டுக்கும் தெரியும், ஜெயித்தது தான்தான் என்று. அந்த மைதானத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா? கூட்டம் கலைவதற்குள் சொல்ல வேண்டாமா?

இந்த முறை விடுமுறையில் ‘கார்ஸ்’ மூன்றாம் பாகம் ஓடினால், ரிவர் ஸ்காட் வரும் இடத்தில் ஒரு நிமிடம் படத்தை நிறுத்துங்கள். குழந்தைகளிடம், சாராயம் கடத்திய அந்தப் பழைய காரிலிருந்து கதையைத் தொடங்கிச் சொல்லுங்கள். அவர் காரில் என்ன எழுதியிருந்தார் என்று சொல்லும்போது அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஏன் அப்படி எழுதினார் என்று அடுத்த கேள்வி கட்டாயம் வரும்.